மாமன் தேடிய சத்தமில்லாத ஊர்

ஓசூர்
18.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சிந்து எழுதுவது. இங்கே நான், அவர், அர்ச்சனா மூவரும் சுகம். உன் தொண்டைக்கட்டு விட்டதா, அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி என்று எழுது.

கடிதத்தைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். என்ன செய்வது, போன் அடித்தாலே அர்ச்சனா காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள். நான் போனில் பேசினால் வந்து என் வாயைப் பொத்துகிறாள். போன மாதம் என் போனைத் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டாள். அவருடைய போன் அவரோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது. நீயோ வாட்ஸப்பில் ஒரு வரி தட்ட மாட்டாய். குரல் செய்திதான் அனுப்புவாய், அதுவும் திருவிழாக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளைக்கு மைக்கில் அறிவிப்புச் செய்வது மாதிரி. அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் கடல் என்றால் உயிர். டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு அலையை மட்டும் மணிக்கணக்கில் பார்க்கிறாள். நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஆனால் கூட்டம், ஹாரன், திடீர் சத்தம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள் என்று தெரபி மிஸ் சொல்கிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஊர் சுற்றுவது நமக்குப் போல இல்லை. நமக்குச் சாதாரணமாக இருக்கும் ஒரு பஸ் ஸ்டாண்ட் அவளுக்கு உடம்பெல்லாம் வலிக்கிற இடம்.

பாகூருக்கு நேராகக் கூட்டிவர எனக்குத் தைரியமில்லை. மூன்று வயதில் தீமிதிக்கு வந்தபோது உன் மைக் செட் பாக்ஸ் பாட ஆரம்பித்ததும் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டது உனக்கே தெரியும். அதற்குப் பிறகு நீ இங்கே வந்தாய். வாசலில் நின்று, "இன்னாடி குட்டி, மாமன் வந்துக்கிறேன்" என்று கூப்பிட்டாய். அதற்கே கட்டிலுக்கு அடியில் போனவள், நீ பஸ் ஏறும்வரை வெளியே வரவில்லை. நீ ஸ்வீட் டப்பாவைக் கட்டில் பக்கம் தள்ளிவிட்டுப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பதினொரு வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் ஒரு முறைகூட உட்காராத பிள்ளை என்று என் மாமியார் இப்போதும் சொல்லிக்காட்டுகிறார்.

புதுச்சேரியில் அவளுக்கு ஏற்ற ஓர் இடமும் நேரமும் பார்த்துச் சொல். கடலைப் பார்க்கட்டும். அப்படியே பயப்படாமல் உன்னையும் ஒரு முறை பார்க்கட்டும். எனக்கு அதற்கு மேல் ஆசையில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்
சிந்து


பாகூர்
9.9.2024

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை நவநீதனும் குட்டியும் நலமாக இருக்க மூலநாதரை வேண்டிக்கொள்கிறேன். உன் அண்ணிக்கு வலி பரவாயில்லை.

பாகூரிலேயே பெரிய சத்தக்காரனிடம் வந்து சத்தமில்லாத இடம் கேட்கிறாயே. உன் அண்ணி கோகிலா கடிதத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் கேட்கவேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். எந்த ஊரில் எந்த மாதம் எந்தக் கோயிலில் பாக்ஸ் கட்டுவார்கள் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கட்டுவதே நானும் என் கூட்டாளிகளும்தானே. சத்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது இல்லாத இடமும் தெரியும்.

ஆடியில் கூழ் ஊற்றி முடித்தார்கள். இப்போது பிள்ளையார் ஊர்வலம். அடுத்து தீபாவளி வெடி. மார்கழியில் விடியுமுன்பே பாட்டு. பொங்கல் முடிந்தபின் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். தை மாசக் கடைசியில் வைத்துக்கொள்வோம். அதற்குள் நான் டவுனில் ஒவ்வொரு இடமாகப் போய்க் காது வைத்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. ஐஸ் தண்ணீர் குடித்துக் கெடுத்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கொஞ்ச நாள் பேசாமல் இரு என்கிறார். "இப்பதான் வூட்டுல நிம்மதியா கீது" என்கிறாள் உன் அண்ணி. நீ போன் வேண்டாம் என்றது எனக்கும் நல்லதாகப் போயிற்று.

குட்டிக்கு எது ஆகும், எது ஆகாது என்று விவரமாக எழுது.

அன்புடன்
ஏகநாதன்


ஓசூர்
2.10.2024

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டாக்டர் சொன்னபடி பேசாமல் இருக்கிறாயா, இல்லை சைகையிலேயே சத்தம் போடுகிறாயா?

விவரம் கேட்டிருந்தாய். சத்தம் எல்லாமே ஆகாது என்றில்லை. திடீரென்று வருவதுதான் ஆகாது. ஹாரன், குக்கர் விசில், ஓட்டலில் எவர்சில்வர் டம்ளர் விழுவது, நாய் குரைப்பது, யாராவது உரக்கப் பேசுவது. ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் என்றால் சில சமயம் தேடிப் போய் உட்காருவாள். எது பிடிக்கும் எது பிடிக்காது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தால் கண்ணைக் கசக்குவாள். கஞ்சி போட்ட விரிப்பில் படுக்க மாட்டாள். மீன் வாடை வந்தால் குமட்டும். புது இடம் என்றால் முன்பே படத்தில் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படியிலேயே உட்கார்ந்துகொள்வாள். முன்பின் தெரியாத ஆட்கள் தொட்டால் போச்சு. அவளாக யாரிடமும் போகவும் மாட்டாள். பெற்ற அப்பாவிடமே மனசு வந்தால்தான்.

எழுதி முடித்துப் பார்த்தால் ஏதோ குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. நல்லதும் சொல்கிறேன். சிரித்தால் உடம்பு பூராவும் சிரிப்பாள். நீ அதைப் பார்த்ததில்லை.

சிந்து


ஓசூர்
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம்தானே? தீபாவளிகூடப் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எப்போதும் காலையில் முதல் ஆளாகக் குரல் செய்தி அனுப்புவாய். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போய் அவர் போனில் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார். "அவரு வேலையா போய்க்கிறாருபா, வந்தா எழுதச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இரண்டாம் முறையும் அதே பதில். அண்ணியின் பின்னால் யாரோ டிராலி தள்ளுகிற சத்தம் கேட்டது. எந்த ஊர் மண்டபத்தில் வேலை?

குட்டி விஷயம் உனக்குத் தொந்தரவாக இருந்தால் விட்டுவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரி எழுது, போதும்.

சிந்து


பாகூர்
15.12.2024

அன்புத் தங்கைக்கு,

கோபம் வேண்டாம். நாங்கள் நலம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் எழுது. ஐப்பசி மழையில் ஆம்ப்ளிபயர் எல்லாம் நனைந்து ரிப்பேர், அது இது என்று நாள் ஓடிவிட்டது. இந்த இரண்டு மாதமாக உன் அண்ணன் ஒரு வார்த்தை சத்தம் போட்டுப் பேசவில்லை என்றால் நம்புவாயா? ஊரே ஆச்சரியப்படுகிறது.

குட்டிக்கு ஊரைப் பார்த்துவிட்டேன். போன வாரம் கோகிலாவோடு டவுனுக்குப் பஸ் ஏறினேன். முதலில் பார்த்த லாட்ஜ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே ஜெனரேட்டர். அது எடுக்கிற நேரத்தில் கட்டிலே அதிரும், என் தொழில் புத்தி போனவுடன் அதைத்தான் தேடியது. அடுத்ததில் லிப்ட் கதவு கத்துகிறது. மூன்றாவது, கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வீடு. மாடியில் ஒரே அறை, குண்டு பல்புதான். வீட்டுக்கார அம்மாள் அமுதம் என்று பெயர், தனியாக இருக்கிறார், சத்தமில்லாமல் நடக்கிறவர். ஒரு ராத்திரி அங்கேயே தங்கிக் கேட்டோம். விடியற்காலையில் பால்காரர் மணி அடிக்கிறார். உங்கள் வாரத்தில் அடிக்கவேண்டாம் என்று கோகிலா அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

கடற்கரைச் சாலையில் காலையில் வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலைப் பக்கம் நடைபயிற்சிக் கூட்டம் சேரும், ஒரு பெரியவர் சட்டைப்பையில் ரேடியோவோடு வருகிறார். தெற்கே கொஞ்சம் நடந்தால் ஆள் குறைந்துவிடும். அங்கே கட்டைச் சுவர் இருக்கிறது. கருங்கல்லில் அலை அடிப்பது மட்டும்தான் கேட்கும், அதுவும் ஒரே சீராக. இத்தனை வருஷம் பாண்டியில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, என் வாய் ஓயாததால்.

படங்கள் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுக் கதவு, படி, அறை, கட்டில், தெரு முனை, சுவர், கடல். நடக்கிற வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

அன்புடன்
ஏகநாதன்


ஓசூர்
5.1.2025

அன்புள்ள அண்ணா,

புது வருஷம் உனக்கும் அண்ணிக்கும் ஆரோக்கியமாக அமையட்டும்.

படங்களை அர்ச்சனா கீழே வைப்பதே இல்லை. தரையில் வரிசையாகப் பரப்புகிறாள், கலைக்கிறாள், மறுபடி பரப்புகிறாள். சுவர்ப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அவர் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் தெரபி சென்டரே வைக்கலாம்" என்றார். நான் அடுப்படியில் போய் அழுதேன். நம் பிள்ளைக்காக ஒருத்தர் இவ்வளவு மெனக்கெட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கூட்டிக்கொண்டு போகிற இடமெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டே பழகிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்கிழமை காலை கடற்கரை என்று வைத்திருக்கிறோம். முந்தின நாள் காரில் வருகிறோம்.

ஒரே குறை. இத்தனை படத்தில் ஒன்றில்கூட நீ இல்லை. அன்றைக்கு அங்கே நிற்கப்போகிற ஆளை அவள் முன்பே பார்த்திருக்க வேண்டும். இப்போது எடுத்த படமாக ஒன்று அனுப்பு. சுவரில் உட்கார்ந்த மாதிரி எடு. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் உன்னை வைக்கிறேன்.

ஆவலோடு
சிந்து


பாகூர்
20.1.2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

நலமே. உங்கள் பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும்.

படம் அனுப்பவில்லை. கோபிக்காதே. அன்றைக்குச் சுத்துக்கேணியில் ஒரு கல்யாணம், முன்பே ஒப்புக்கொண்டது, விட முடியாது. வராத ஆளின் படத்தைக் காட்டினால் குட்டி தேடுவாள், அது பாவம். உன் அண்ணி வருவாள். அமுதம் அம்மாள் வீட்டில் உங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஒதுங்கியே இருப்பாள். குக்கர் வைக்கமாட்டாள், சோறு வடித்துத்தான்.

மாப்பிள்ளையிடம் சொல். விழுப்புரம் தாண்டி வில்லியனூரை மத்தியானத்திலேயே கடந்துவிடுங்கள். சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸும் டெம்போவும் சேர்ந்து ஹாரன் அடித்தே கொல்வார்கள். விரிப்பைக் கோகிலா நம் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறாள், துவைத்துத் துவைத்து நைந்துபோனது. மாடிப்படியில் இருந்த டியூப்லைட்டையும் கழற்றியாகிவிட்டது. மீன் கூடைக்காரப் பெண்கள் வருகிற நேரத்துக்கு முன்பே கடலிலிருந்து திரும்பிவிடுங்கள்.

சுவரில் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அவசரப்படுத்தாதே. அங்கே உங்களை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் பார்த்துவிட்டேன்.

அன்புடன்
ஏகநாதன்


ஓசூர்
12.2.2025

அண்ணனுக்கு,

நாங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். நீ சுகமா?

அண்ணா, அவள் கடலைப் பார்த்துவிட்டாள். நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது. படியில் உட்காரவில்லை. கதவைப் பார்த்ததும் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள், உள்ளே போனாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள். காலையில் சுவரில் உட்கார்ந்து, சத்தம் கேட்காமலிருக்கக் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை அவளே கழற்றி என் மடியில் வைத்தாள். வீட்டுக்கு வெளியே அவள் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அலை வரும்போதெல்லாம் உடம்பு பூராவும் சிரித்தாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அழுதிருப்பார்.

ஒரே ஒரு சங்கடம். சுவரின் அந்தக் கோடியில் ஒரு வயசானவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லா, முகத்தில் மாஸ்க், கழுத்தைச் சுற்றித் துண்டு, பாவம் எலும்பும் தோலுமாக. இவள் திடீரென்று எழுந்து நேராக அவரிடம் போனாள். ஒட்டி உட்கார்ந்தாள். அவர் கழுத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஓடிப்போய், "மன்னிச்சிக்கோங்க ஐயா, கொழந்தைக்கு விவரம் தெரியாது" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இவள் வரமாட்டேன் என்று கத்தினாள். அந்தப் பயணம் முழுக்க அவள் அழுதது அப்போது மட்டும்தான். அவள் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது.

சரி. இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். உனக்கு ஒரு கல்யாண வேலை பெரிதாகப் போயிற்று. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாய், ஆனால் நீ வரவில்லை. பாகூர் அங்கிருந்து எவ்வளவு தூரம்? அவளை நீ வெறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பும்போது கார் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சிந்து


பாகூர்
19.2.2025

அன்புள்ள சிந்துவுக்கு,

அண்ணி கோகிலா எழுதுகிறேன். வீட்டில் எல்லோருடைய உடம்பும் நன்றாக இருக்கட்டும். இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் சொல்லிவிடுகிறேன், என்மேல் வருத்தப்படாதே.

அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

தொண்டையில் கட்டி என்று ஆவணியிலேயே சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், சிந்து. இனிப் பேச முடியாது. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. நீ போன் செய்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். "அதுவே புள்ளைய வச்சிக்கினு அல்லாடுது" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

மூச்சு விடும்போது அந்தக் குழாயில் உஸ் உஸ் என்று சத்தம் வருகிறது. எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று அதைக் கேட்டுப் பயந்து அழுதுகொண்டு ஓடிவிட்டது. அன்றிலிருந்து குழந்தைகள் வந்தால் உள்ளே போய்விடுவார். டவுன் பூராவும் உங்களுக்காகச் சத்தம் தேடி அலைந்தவர், கடைசியில் என்னிடம் எழுதிக் காட்டினார்: "எல்லாத்தையும் நிறுத்திட்டேன். நான்தான் பாக்கி." கல்யாணம் எதுவும் இல்லை. வேலையை விட்டு நாலு மாதமாகிறது. தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். நான்தான் பஸ்ஸில் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, உங்களுக்கு இட்லி ஊற்றப் போனேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் "பக்கத்துல வந்து குந்திச்சி" என்று எழுதினார். இன்னும் அதை அழிக்கவில்லை. வேறு சிலேட்டு வாங்கியிருக்கிறோம். நீ அடையாளம் தெரியாமல் இழுத்துக்கொண்டு போனதை அவர் சொல்லவே இல்லை. உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்ப ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கோகிலா


ஓசூர்
24.2.2025

அண்ணா,

நலமா என்று எந்த வாயால் கேட்பேன்?

உன்னை "ஐயா" என்று கூப்பிட்டேன். கூடப் பிறந்தவனைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். நீயாவது என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா? உன் கண்ணைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் உன் முகத்தையே பார்க்கவில்லை. பார்ப்பவர்களெல்லாம் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து பயந்து, நான் இப்போது யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

உன் மூச்சுச் சத்தம் அவளுக்கு ஆகாது என்று உனக்கு யார் சொன்னது? நீ ஏன் என்னைக் கேட்கவில்லை? கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்தாள், அண்ணா. பெற்ற நானே கூப்பிட்டாலும் வராதவள், படத்தில்கூடப் பார்க்காத ஆளிடம் தானாக வந்து உட்கார்ந்தாள். அவளைத்தான் நான் இழுத்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம். கட்டி வந்ததற்கு இல்லை. தங்கச்சி தாங்கமாட்டாள் என்று நீயாக முடிவுகட்டியதற்கு.

நாங்கள் உடனே வருகிறோம். பாகூருக்கே வருகிறோம். நாள் மட்டும் சொல்.

உன் தங்கை
சிந்து


பாகூர்
10.3.2025

என் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ அழாமல் இருந்தால் இன்னும் நலமாக இருப்பேன்.

கோகிலா உளறிவிட்டாள். திட்டலாம் என்றால் குரல் இல்லை, சிலேட்டில் எழுதித் திட்டினால் சிரிக்கிறாள்.

நீ இழுத்ததை நினைத்து வருந்தாதே. அதற்கு முன் கொஞ்ச நேரம் இருந்தாளே. அவள் வந்து உட்கார்ந்ததும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், பயந்துவிடப் போகிறாளே என்று. அவள் நிமிர்ந்து என் துண்டை விலக்கினாள். எங்கே நின்றுபோயிற்று என்று தேடுவது மாதிரி பார்த்தாள். எனக்கு அடக்க முடியவில்லை, விட்டுவிட்டேன். உஸ் என்று வந்தது. உடனே காதை வைத்துக்கொண்டாள். நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பாக்ஸ் அடுக்கியிருக்கிறேன், சிந்து. ஒருத்தரும் என் சத்தத்தை இப்படிப் பக்கத்தில் வந்து கேட்டதில்லை. அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. எனக்கு மூக்கு வழியாக மூச்சு இல்லை, வாசனை தெரியாது என்று டாக்டர் சொல்கிறார். எனக்குத் தெரிந்தது.

வாருங்கள். ஆனால் இப்போது வேண்டாம். மாசி மகத்துக்கு ஊர் அதிர்கிறது. அது முடிந்தால் பங்குனி உத்திரம், காவடி, பத்து நாள் பாட்டு. நம் தெருவிலேயே இரண்டு ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள், கட்டியது என்னிடம் வேலை பார்த்த பையன்கள்தான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வயதில் பட்டது போதும். மறுபடி இந்த ஊருக்கு வந்து அவள் தலையை முட்டிக்கொண்டால் அப்புறம் எப்போதும் வரமாட்டாள். சித்திரை பிறந்ததும் ஊர் அடங்கிவிடும். அப்போது வா. வீட்டுப் படங்களை அனுப்புகிறேன். இந்தத் தடவை என் படமும் இருக்கும்.

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

மடியோடு காத்திருக்கும்
அண்ணன்


ஓசூர்
18.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தனியாக எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் அம்மா இன்னும் துணைக்கு இருக்கிறாரா? நாங்கள் இருக்கிறோம்.

அன்றைக்கு உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. வில்லியனூரிலிருந்தும் தவளக்குப்பத்திலிருந்தும் மைக் செட்காரர்கள் எல்லோரும் வண்டி வண்டியாகப் பாக்ஸ் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். "தொழில்காரன் சும்மா போவக்கூடாது" என்று ஒருத்தர் அழுதுகொண்டே ஒயர் இழுத்தார். மேளம், வெடி, பாட்டு. நான் அழுத சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான், அண்ணனும் எத்தனையோ பேருக்கு அதைச் செய்தவன்தான். அர்ச்சனாவை அப்பாவோடு ஓசூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். பெண் பிள்ளை இருந்தும் மாமனுக்கு வாய்க்கரிசி போட வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள்.

உத்திரத்துக்கு நாலு நாள் முன்பு போய்விட்டான். சித்திரை வரைக்கும்கூட இல்லை. ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் அன்றைக்கு வீட்டு வராந்தாவில் வைத்துச் சொன்னபோது உங்கள்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. ஊர் அடங்கட்டும், ஊர் அடங்கட்டும் என்று அவன் எழுதினான், நானும் சரி என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கத்தினால் கத்தட்டும் என்று மாசியிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், அண்ணி. காதைப் பொத்திக்கொண்டாவது அவன் மடியில் இருந்திருப்பாள்.

அவன் அனுப்பிய வீட்டுப் படங்கள் அவன் போனபிறகுதான் வந்து சேர்ந்தன. உள்ளே அவன் படமும் இருந்தது, துண்டு இல்லாமல், குழாய் தெரிகிற மாதிரி. அதை அர்ச்சனாவுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் அவளே எடுத்துவிட்டாள். பார்த்தாள். படத்தில் கழுத்து இருக்கிற இடத்தில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். மாமா சாமிகிட்ட போய்ட்டாரு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கே அது இன்னும் புரியவில்லை.

நேற்று அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காத்திருக்கிற இடத்தில் ஒரு பெரியவர் மாஸ்க் போட்டு உட்கார்ந்திருந்தார். இவள் என் கையை உதறிவிட்டு நேராக அவரிடம் போனாள். ஒட்டி உட்கார்ந்து, கழுத்துப் பக்கம் காதை வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு அம்மாள், "பொண்ணைப் புடிங்கம்மா" என்றார். நான் இழுக்கவில்லை, அண்ணி. மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் அசையாமல் இருந்தார். அப்புறம் மெதுவாக, "கொழந்தை என்னம்மா கேக்குது?" என்றார்.

"அவங்க மாமாவைத் தேடுறா" என்று சொன்னேன். அவர் மாஸ்கை எடுத்துவிட்டுக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். அவள் கேட்டாள். பிறகு எழுந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் பாகூருக்கு அவளோடு வருகிறேன். என்ன திருவிழா என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் சொல்லவேண்டாம்.

உங்கள்
சிந்து